ரிப்பன் வெட்டியவருக்குப் பாலம் சொந்தமா? மரபணு வழக்கை மேடையேற்றிய அனுபவம்

2013 மே 18, சனிக்கிழமை. மேரிலாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சித்திரை விழா. சித்திரை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, ஆனால் பள்ளி அரங்கம் அன்றைக்குத்தான் கிடைத்தது. பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் 50 நிமிடம் பட்டிமன்றம். "மனித மரபணுவுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா, கூடாதா?" என்ற தலைப்பு நான் கொடுத்தது. கமிட்டியில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. கணவனா மனைவியா என்று வைத்தால் ஜனம் சிரிக்கும், இதற்கு யார் சிரிப்பார்கள் என்று கேட்டார்கள். அரசியல் நகைச்சுவையாகச் செய்து காட்டுகிறேன், எனக்கு விடுங்கள் என்றேன்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் வேலை. ஆய்வகத்தில் தினமும் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறவன் நான். அந்தச் சமயம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்புக்குக் காத்திருந்தது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்கள் எல்லோர் உடம்பிலும் உண்டு. பழுதான டி.என்.ஏ.வைச் சரிசெய்ய உதவுவது அவற்றின் வேலை. அவற்றில் தீங்கான மாற்றம் பிறவியிலேயே இருந்தால் மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். முதல் மரபணு 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் மரபியல் ஆராய்ச்சியாளர் மேரி கிளேர் கிங் காட்டினார். 1994-ல் சால்ட் லேக் சிட்டியின் மிரியட் ஜெனட்டிக்ஸ் நிறுவனமும் யூட்டா பல்கலைக்கழகமும் மற்றவர்களும் சேர்ந்த குழு அதைத் துல்லியமாகப் பிடித்து வரிசையைப் படித்தது. காப்புரிமையும் வந்தது. அதைக் காட்டி, இந்த மரபணுக்களைப் பரிசோதிக்கும் வேலையை மிரியட் தன்னிடமே வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2009 மே மாதம் மருத்துவச் சங்கங்களும் ஆராய்ச்சியாளர்களும் நோயாளிகளும் வழக்குப் போட்டார்கள். 2010-ல் நியூயார்க் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் செல்லாது என்றார். மேல்முறையீட்டில் 2-க்கு 1 என்று தீர்ப்பு திரும்பியது. 2013 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்து முடிந்தது.

"உடம்புக்குள் இருக்கும்வரை அது இயற்கை. அதை வெட்டி வெளியே எடுத்தால் புதிய பொருள்." மிரியட் தரப்பின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். நாள் முழுக்க அதையே செய்கிறவன் நான். குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக விட்டதும் வெள்ளை நூல்போல டி.என்.ஏ. திரண்டு மிதப்பதை எத்தனை முறை பார்த்தாலும் அழகாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்து, இது நான் உண்டாக்கியது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

முதலில் என் பேச்சை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஆறு மாத விசாவில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முதல் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏல, அப்ப எங்கிட்ட இருக்கதும் அவனுக்குத்தான் சொந்தமா?" என்றார்.

"இல்லம்மா, உள்ள இருக்கறது உனக்கு. வெளிய எடுத்தா அவங்களுக்கு."

"கண்டுபிடிச்சவனுக்குக் கூலி குடுக்கணும்லா. ஒங்க தாத்தா கிணறு வெட்டும்போது நீரோட்டம் பாக்க ஒருத்தர் வந்தாரு. வேப்பங்குச்சியப் பிடிச்சிக்கிட்டு நடந்தாரு. எடத்தக் காட்டுனாரு. தண்ணி வந்ததும் வேட்டி துண்டு குடுத்து, கை நெறையப் பணமும் குடுத்தோம். அதுக்காகத் தண்ணிய அவரு வித்தாரா? தண்ணி எங்க நெலத்துத் தண்ணிதான?"

நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தில் இரண்டைக் கிழித்துவிட்டு அந்தக் கிணற்றை உள்ளே வைத்தேன். இந்த மாதிரி விஷயத்தை மேடைக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அறிவியல் படிக்காத, ஆனால் உங்களிடம் பயமில்லாத ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வியே உங்கள் தொடக்கமாக இருக்கட்டும்.

அடுத்து நகைச்சுவை. ஒத்திகையில் ஒரு நண்பர் ஊரின் பெரிய தலைவர் ஒருவரின் குரலில் பேசிக் காட்டினார். அசத்தலாகப் பேசினார். பாதிப் பேர் விழுந்து சிரித்தார்கள், மீதிப் பாதி முகத்தை இறுக்கிக்கொண்டது. ஒத்திகை முடிந்தும் இரண்டு பேர் கார் நிறுத்துமிடம்வரை அந்தக் கட்சியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். மரபணு யாருக்கும் ஞாபகம் இல்லை. அன்றைக்கே முடிவு செய்தோம்: பதவி வரலாம், பெயர் வரக்கூடாது. எல்லாக் கட்சிக்காரரும் செய்கிற காரியத்தை எடுத்துக்கொண்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அப்படி வந்ததுதான் ரிப்பன். "டி.என்.ஏ.வை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டினோம், அதனால் எங்களுடையது என்கிறார்கள். எங்கள் ஊரில் அமைச்சர் கத்தரிக்கோல் எடுத்து ரிப்பன் வெட்டுவார். கல்வெட்டில் பெயரும் போட்டுக்கொள்வார். அதற்காக மறுநாள் பாலத்துக்குக் குறுக்கே நின்று, நான் வெட்டியது, இறங்கி நடக்காதே என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா?" இந்த வரிக்குக் கிடைத்த கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

இதைவிட நல்ல சரக்கு நீதிமன்றத்துக்குள்ளேயே இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை அன்றன்றே எழுத்தாக வெளியிட்டுவிடுகிறார்கள், காசு கிடையாது. ஏப்ரல் 15 இரவு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். மிரியட்டின் வழக்கறிஞர் பேஸ்பால் மட்டையை உதாரணம் காட்டினார்: மரத்துக்குள் மட்டை இல்லை, செதுக்கி எடுத்தால்தான் மட்டை. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் விடவில்லை. மரத்தில் இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு வெட்டினால் மட்டை வந்துவிடுமா என்ற போக்கில் கேட்டார். நீதிபதி சோட்டோமேயர் சாக்லேட் சிப் குக்கீயைக் கொண்டுவந்தார். உப்பு, மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்துப் புது மாதிரி குக்கீ செய்தால் காப்புரிமை கேட்கலாம், உப்புக்கும் மாவுக்குமே எப்படிக் கேட்பது என்றார். நீதிபதி பிரையர் அமேசான் காட்டுக்கு ஒரு கற்பனைக் கேப்டனை அனுப்பினார். எவ்வளவு செலவு செய்து போய் எத்தனை புதுச் செடிகளைக் கண்டுபிடித்தாலும் அந்தச் செடிக்கே அவர் காப்புரிமை கேட்க முடியாது. நாட்டின் மிகக் கனமான நீதிமன்றம் ஒரு மணி நேரம் மட்டையும் குக்கீயும் செடியும் பேசியதைப் படிக்கும்போது, எளிமையாகச் சொல்வது விஷயத்தைக் குறைப்பதாகாது என்ற தைரியம் எனக்கு வந்தது. நாங்கள் பேஸ்பாலைக் கிரிக்கெட் மட்டையாக்கினோம், குக்கீயை அதிரசமாக்கினோம்.

எதிரணிக்கு எங்கள் சங்கத்திலேயே நன்றாகப் பேசக்கூடியவரைக் கேட்டு வாங்கிப் போட்டேன். இதை வேண்டுமென்றே செய்தேன். எதிரணி நோஞ்சானாக இருந்தால் நாம் அடிக்கிற எந்த நகைச்சுவைக்கும் பலம் இருக்காது. அவர் என் அம்மாவின் கிணற்றையே திருப்பிப் போட்டார். "பத்து இடத்தில் தோண்டி ஒன்பதில் பாறை வந்ததே, அந்தச் செலவை வேட்டி துண்டு ஈடு கட்டுமா? காப்புரிமை 20 வருடம்தான். அப்புறம் எல்லோருக்கும் பொது. அதைக்கூடக் கொடுக்காவிட்டால் யார் தோண்டுவார்?" நியாயமான கேள்வி. இந்த ஆராய்ச்சியில் அரசுப் பணமும் இருந்தது, பல நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பும் இருந்தது என்று நான் பதில் சொன்னேன். இருந்தாலும் அவர் கேள்வி முழுக்க அடங்கிவிட்டது என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. கண்டுபிடிப்பவருக்கு ஊதியம் வேண்டும். அந்த ஊதியம் மரபணுவாக இருக்கக்கூடாது.

மேடையில் ஒரு செய்முறையும் வைத்திருந்தோம். வீட்டிலேயே செய்யலாம். ஸ்ட்ராபெர்ரி இரண்டு மூன்றை ஜிப் பையில் போட்டுக் கையால் நசுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம், உப்பு, தண்ணீர் கலந்ததை ஊற்றி, நுரை வராமல் பிசைய வேண்டும். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்த ஆல்கஹாலைக் கண்ணாடி டம்ளரின் ஓரமாக மெதுவாக விட வேண்டும். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் சளிபோல வெள்ளையாகத் திரளும். அதுதான் டி.என்.ஏ. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இதைச் செய்து, பல் குச்சியால் சுருட்டித் தூக்கிப் பிடித்து, "இனிமே ஸ்ட்ராபெர்ரி யாரு சாப்பிட்டாலும் எனக்கு ராயல்டி!" என்றாள். அரங்கமே எழுந்துவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. டம்ளரில் திரள்வது பழத்தின் மொத்த டி.என்.ஏ., ஒற்றை மரபணு அல்ல. எந்த மரபணு, எங்கே இருக்கிறது, என்ன மாற்றம் என்று தேடிப் பிடிப்பது பல வருட உழைப்பு. இதை அவளையே சொல்ல வைத்தோம். சிரிப்புக்காக இன்னொருவரின் உழைப்பைச் சின்னதாக்கக் கூடாது.

இவ்வளவு யோசித்தும் ஓரிடத்தில் பெரிய தவறு செய்தோம்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, மே 14 அன்று, ஆஞ்சலினா ஜோலி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். தாயை 56 வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தனக்கு பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் இருப்பதையும், மருத்துவர்கள் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பை 87 சதவீதம் என்று கணித்ததையும், இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதையும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் ஆகிறது, அது பல பெண்களுக்குத் தடை என்றும் எழுதியிருந்தார். அந்த வாரம் எங்கே போனாலும் இதே பேச்சு. கூட்டம் சூடாக இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கடைசி நேரத்தில் ஒரு காட்சியைச் சேர்த்தேன். ஒரு மாமி டாக்டரிடம் போய், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி பரிசோதனைக்குப் பேரம் பேசுவார். "ஒண்ணுக்கு மூவாயிரமா? ரெண்டு மரபணுவா எடுத்துக்கறேன், பாத்துப் போட்டுக் குடுங்க" என்று வசனம். விலை அநியாயம் என்று காட்டுவதுதான் என் எண்ணம்.

அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு அக்கா எழுந்து வெளியே போனார். பச்சைப் பட்டுப்புடவை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாருக்கும் மறைக்காமல் குனிந்தபடியே போனார். மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவசர வேலை போலிருக்கிறது என்றுதான் தோன்றியது.

சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் சாதத் தட்டோடு அவரே என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. புரியுது. ஆனா அந்த மாமி நான்தான்."

எனக்குச் சாப்பிட முடியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அவருடைய அக்கா சினைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். பரிசோதனைக்கு அனுமதி கேட்டு இன்ஷூரன்ஸ்காரர்களோடு மூன்று மாதம் போனில் போராடியிருக்கிறார். "அந்த வசனம் அப்படியே நான் பேசுனதுதான் தம்பி. கொஞ்சம் பாத்துச் செய்ங்கன்னு கெஞ்சிருக்கேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இன்னைக்கு அவங்களும் பக்கத்துல உக்காந்து சிரிச்சாங்க. அவங்ககிட்ட இன்னும் சொல்லல."

மன்னிப்புக் கேட்டேன். அதைக் கையால் தள்ளிவிட்டு அவர் ஒன்று கேட்டார்: "பேரம் பேசுறது தப்பில்ல. ஆள மாத்துங்க. உரிமை கேக்குறவன் பேசட்டும், நான் எதுக்குப் பேசணும்?"

அன்றிரவே வீட்டுக்குப் போய்க் காப்புரிமையின் கோரிக்கைப் பகுதியை எடுத்துப் படித்தேன். பல மாதமாகக் கண்ணில் பட்டும் கவனிக்காத ஒன்று அங்கே இருந்தது. முதலில் பி.ஆர்.சி.ஏ.1 புரதத்துக்கான, பிரித்தெடுத்த முழு டி.என்.ஏ.வையும் கேட்கிறார்கள். கீழே வரவர அளவு குறைகிறது. அந்த டி.என்.ஏ.வில் குறைந்தது 15 எழுத்து நீளமுள்ள எந்தத் துண்டும் எங்களுடையது என்று ஒரு கோரிக்கை. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தால் ஆனது மனித மரபுத்தொகுதி, அதன் நீளம் சுமார் 300 கோடி எழுத்து. 15 எழுத்துத் துண்டுகள் வேறு மரபணுக்களிலும் சகஜமாக வரும். புதுக் காட்சி தானாகவே எழுந்தது. உரிமை கேட்பவர் நடுவரிடம் வருகிறார். முழுசாகக் கொடுங்கள் என்கிறார். நடுவர் முடியாது என்கிறார். பாதி? முடியாது. சரி, ஒரு 15 எழுத்தாவது கொடுங்களேன், வந்ததற்கு வெறுங்கையோடு போக முடியுமா? அந்த 15 எழுத்தை நான் மிகைப்படுத்தவில்லை.

அந்த அக்காவிடம் கற்ற பிறகு எந்த நகைச்சுவை எழுதினாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த இடத்தில் நோயாளி அரங்கில் உட்கார்ந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா? 400 பேர் கூடுகிற இடத்தில் குடும்பத்தில் புற்றுநோய் பார்த்தவர் பலர் நிச்சயம் இருப்பார்கள். நிகழ்ச்சி தொடங்கும்போதே இது எதைப் பற்றியது என்று அறிவித்துவிடவும் பழகிக்கொண்டோம்.

ஜூன் 13, வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு. கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார்: இயற்கையில் இருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததாலேயே அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது. ஆனால் சி.டி.என்.ஏ.வுக்கு உண்டு. இதைத்தான் பிறகு மேடையில் விளக்கத் திணறினேன், கடைசியில் டி.வி. சீரியல் கைகொடுத்தது. நம் மரபணு நடுநடுவே விளம்பரம் வருகிற சீரியல் மாதிரி. விளம்பரத்தையெல்லாம் நீக்கி, கதையை மட்டும் ஒட்டிய பிரதியை உடம்பே ஆர்.என்.ஏ.வாகத் தயாரிக்கிறது. அதிலிருந்து ஆய்வகத்தில் திரும்பவும் டி.என்.ஏ.வாக எழுதினால் அது சி.டி.என்.ஏ. ஆய்வகத்தில் உண்டாக்கியது என்பதால் நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. கதையைத் தொகுத்துக் கொடுப்பதே உடம்புதான் என்பதால் அந்தப் பாதி எனக்கு இன்றும் ஒப்பவில்லை. 2015 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம், பிரிஸ்பேனைச் சேர்ந்த இவோன் டார்சி என்ற பெண் தொடுத்த வழக்கில், சி.டி.என்.ஏ.வையும் சேர்த்தே மறுத்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவும் இயற்கையில் உள்ள பொருளைக் கண்டுபிடிப்பது காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது.

நீதிபதி ஸ்காலியா தனியாக ஒரு சிறு குறிப்பு எழுதினார். தீர்ப்பின் முடிவுக்குச் சம்மதம், ஆனால் மூலக்கூறு உயிரியலின் நுணுக்கங்களை என் சொந்த அறிவைக் கொண்டோ நம்பிக்கையைக் கொண்டோ கூட உறுதி சொல்ல முடியவில்லை என்றார். அவருடைய பல கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் குறிப்புக்காக அவரை மதிக்கிறேன். அடுத்த பொங்கல் விழாவில் இதை நடுவர் வாசித்தபோது சிரிப்பு வந்தது, உடனே கைதட்டலும் வந்தது.

தீர்ப்பு வந்த அன்றே வேறு ஆய்வகங்களும் இந்தப் பரிசோதனையைத் தொடங்குவதாக அறிவித்தன. அக்காவின் இரண்டு பெண்களும் பிறகு பரிசோதனை செய்துகொண்டார்கள். முடிவு என்ன என்பது அவர்கள் விஷயம். பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு அக்கா சொல்லச் சொன்ன இரண்டு விஷயங்களை இங்கே எழுதுகிறேன். பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். "மாற்றம் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் தெரியவில்லை" என்று அறிக்கை வரலாம். ஐரோப்பிய வம்சாவளியினரின் தகவல்களே அதிகம் சேர்ந்திருப்பதால் நம்மவர்களுக்கு அப்படி வரும் வாய்ப்பு கூடுதல். பதறி அறுவை சிகிச்சைக்கு ஓடாமல், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. எதை முதலில் செய்வது என்று யோசித்துச் செய்யுங்கள்.

வழக்கோடு முடிந்தது என்று கத்தரிக்கோலை உள்ளே வைத்திருந்தோம். 2023-ல் செனட்டர்கள் டில்லிஸும் கூன்ஸும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மனித உடம்பில் இருக்கிற, மாற்றம் செய்யப்படாத மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. சரிதானே என்று அடுத்த பத்தியைப் படித்தால், பிரித்தெடுத்தாலோ சுத்திகரித்தாலோ அது "மாற்றம் செய்யப்படாதது" ஆகாது என்று இருக்கிறது. அதாவது அதற்குக் காப்புரிமை கேட்கலாம். 2013-ல் ஒன்பது பேர் சேர்ந்து மூடிய கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள். அந்த மசோதா சட்டமாகவில்லை; 2025-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

அக்காவுக்கு அந்தப் பத்தியை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, ரிப்பன் இருக்கா?"

"இருக்குக்கா."

"இந்தத் தடவை அமைச்சர் வேஷம் எனக்கு. கத்தரிக்கோல் பெருசா வாங்குங்க, கடைசி வரிசைக்கும் தெரியணும்."